நாட்டு மீனா என்று கேட்டேன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும் ஐயா" என்றும் சொல்லிவைத்தார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் ஆளை மாற்றிக் கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் நன்னீர் மீன் உத்தியோகம் பார்த்தேன். அதில் கடைசிப் பதினைந்து வருடம் பதுளையில். பிரியாவிடை அன்று ஒருவர் மைக்கைப் பிடித்து, "இவர் தொட்டியை எட்டிப் பார்த்தாலே மீனின் பெயரைச் சொல்லிவிடுவார்" என்று புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தொட்டியை எட்டிப் பார்த்துப் பெயரைச் சொன்னதால்தான் நான் ஒருவருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

முதலில் சின்னப் பிழையைச் சொல்கிறேன். நான் பதுளை இருக்கும் ஊவா மாகாணத்துக்கு வந்த புதிதில் பண்டாரவளையில் ஒரு அலங்கார மீன் கடையைப் பார்க்கப் போனேன். ஒரு கண்ணாடித் தொட்டியின் மூலையில் மீசை வைத்த கறுப்புக் குஞ்சு ஒன்று பதுங்கியிருந்தது. கடைக்காரர் பெயர் கேட்டார். சிங்களத்தில் மகுரா என்று சொல்வார்களே, அந்த நாட்டுக் கெளுத்தி என்று அடித்துச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் கையை விட்டுப் பிடித்தும் காட்டினேன். அது மகுரா இல்லை, ஹுங்கா. தமிழ்நாட்டில் தேளி என்பார்கள். தேள் என்ற பெயர் அதற்குச் சும்மா வந்ததில்லை. மார்புத் துடுப்பு முள் ஏறியதில் இரண்டு நாள் கை வீங்கிப் பேனா பிடிக்க முடியாமல் கிடந்தேன். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிழை செய்தவனுக்கே வலித்த பிழை அது. அந்த மாதிரிப் பிழைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எத்தனை வேண்டுமானாலும் செய்யுங்கள்.

இனிச் சொல்லப் போவது வேறு.

பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பணிய லயம் என்று சொல்கிற கீழ் வரிசைக் குடியிருப்பில் புஷ்பராணி என்று ஒரு பெண் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர் மழை நாளில் மலைச் சரிவில் விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். எலும்பு கூடியது, ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கூடை தூக்க முடியாத கை தோட்டத்தில் யாருக்கு வேண்டும்? அவர் எங்கள் அலுவலகம் நடத்திய மூன்று நாள் வகுப்புக்கு வந்து, அலங்கார மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டார். லயத்துக்குப் பின்னால் நான்கு சீமெந்துத் தொட்டி கட்டினார். கப்பி, வாள்வால் என்று சின்ன மீன்கள். ஒரு வருடத்துக்குள் பதுளையிலும் எல்லவிலும் இருந்த கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அந்த வகுப்பில் உட்கார்ந்த இருபது பேரில் மீனை உயிரோடு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டி நின்ற நிலம் தோட்டத்துடையது. தோட்டத்துத் துரை, அதாவது அங்கே நிர்வாகம் பார்த்தவர், ஒரு மாதத் தவணை கொடுத்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் பதிவுப் பத்திரம் வாங்கி வந்து காட்டினால் தொட்டி நிற்கும். இல்லையென்றால் உடைக்க வேண்டும். ஆகவே அந்தப் பத்திரம் அவருக்கு வெறும் கடதாசி இல்லை. அதைக் கொடுப்பதா இல்லையா என்று பார்த்து வரத்தான் என்னை அனுப்பினார்கள்.

அது ஒரு கெட்ட நேரம். சில வாரங்களுக்கு முன்புதான் கீழே ஒரு ஆற்றில் பெரிய வெளிநாட்டுக் கெளுத்தி பிடிபட்டதாகப் புகார் வந்திருந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை உங்களுக்குத் தெரியும். எதையும் தின்னும், ஈரத்தில் ஊர்ந்து அடுத்த நீருக்குப் போகும், ஒருமுறை ஆற்றில் இறங்கினால் நம் மீனுக்கு இடம் விடாது. அதை வளர்க்கக் கூடாது என்று படம் போட்ட சுற்றறிக்கையில் எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. யார் வளர்த்து ஆற்றில் விட்டது என்று மேலிடத்தில் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் போன அன்று புஷ்பராணி வாசலுக்கே வந்து, "வாங்க சேர், உக்காருங்க, டீ போடுறேன்" என்றார். நான்கு தொட்டியையும் பார்த்தேன். என் அலுவலகத் தொட்டிகளை விடச் சுத்தமாக இருந்தன. எல்லாம் முடிந்து படிவத்தில் கையெழுத்து வைக்கப் போகும்போது முன்னறையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி கண்ணில் பட்டது. உடைந்த குழாய்த் துண்டுக்குள் ஏழு குஞ்சுகள், விரல் நீளம், மீசையோடு.

டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். மீசை எட்டு. முதுகுத் துடுப்பு வால் வரைக்கும் நீளமாக ஓடியது. ஹுங்காவுக்கு அந்தத் துடுப்பு சின்னதாக இருக்கும், ஆகவே அது இல்லை. பண்டாரவளைப் பாடம் அவ்வளவுக்கு உதவியது. மிச்சம் இரண்டே இரண்டு. ஒன்று நம் மகுரா, இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதது. மற்றது ஆப்பிரிக்கக்காரன். வளர்ந்த மீன் என்றால் தலை எலும்பையும் துடுப்பு தொடங்கும் இடத்தையும் அளந்து ஒரு முடிவுக்கு வரலாம். குஞ்சில் அந்த அளவை நம்ப முடியாது. உடம்பில் திட்டுத் திட்டாக இருந்தது. சுற்றறிக்கைப் படத்தில் இருந்த ஆப்பிரிக்க மீனுக்கும் திட்டு இருந்தது. ஆனால் தொட்டிக்கு அடியில் கலர் கலராகக் கல் போட்டால் எந்தக் கெளுத்திக் குஞ்சும் நிறம் மாறும் என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். இரண்டு குஞ்சைப் போத்தலில் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் காத்திருப்பதுதான் முறை.

அப்போது தொலைபேசி அடித்தது. மேலதிகாரி. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம், மாவட்டத்தில் எல்லா வளர்ப்பு இடங்களையும் பார்த்தாயிற்றா என்று கேட்டார். கெளுத்திக் குஞ்சு இருக்கிறது, இனம் சந்தேகம் என்றேன். நாங்கள் பேசியது சிங்களத்தில். அவர் சொன்னதன் சாரம் இது: "சந்தேகம் என்று நான் கூட்டத்தில் வாசிக்க முடியாது. உள்நாடா, வெளிநாடா? அரை மணித்தியாலத்தில் சொல்லுங்கள்." படிவத்திலும் அந்த இரண்டு கட்டங்கள்தான். 'தெரியவில்லை' என்பதற்கு மூன்றாவது கட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தவறுதலாக உள்நாடு என்று எழுதி, நாளைக்கு அது ஆற்றில் பெருகினால் என் தலை போகும். வெளிநாடு என்று எழுதித் தவறினால் யார் தலை போகும் என்று நான் அந்த நிமிடத்தில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் சாய்வதற்கு ஒரு பக்கம். ஆகவே புஷ்பராணியையே கேட்டேன்.

"தங்கச்சி, இது நாட்டு மீனோ?"

அவருடைய முகம் வெளிறிவிட்டது. கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"ஐயோ, இல்லீங்க சேர்! நாட்டு மீன் இல்லவே இல்லீங்க. சத்தியமா நான் நாட்டுப் பக்கம் போனதே இல்ல."

நான் யாழ்ப்பாணத்துக்காரன். நாட்டு மீன் என்றால் எனக்கு நாட்டுக் கோழி மாதிரி, இந்த மண்ணுக்குரியது. இல்லவே இல்லை என்று மீனுக்குச் சொந்தக்காரியே சத்தியம் பண்ணுகிறார். அந்தப் பதற்றத்தைக் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன இரண்டாவது வாக்கியமும் என் காதில் விழுந்தது. 'நாட்டுப் பக்கம் போனதே இல்ல.' அது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று நான் கேட்கவுமில்லை. தமிழன் தமிழச்சியிடம் தமிழில் கேட்டாயிற்று, இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்ற நினைப்பு. சிங்களத்தில் பேசியிருந்தால் ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தியிருப்பேன்.

வெளிநாடு என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். கீழே, 'இது உள்நாட்டு இனம் அல்ல என உரிமையாளரே ஏற்றுக்கொண்டார்' என்று ஒரு வரியும் எழுதினேன். அந்த வரியை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் இரண்டு தொழிலாளிகளோடும் குளோரின் தூளோடும் திரும்பப் போனேன். கெளுத்தித் தொட்டியை மட்டும் அழித்தால் போதாது. ஒரே வலை, ஒரே தண்ணீர்க் குழாய், ஆகவே எல்லாத் தொட்டியும் காலி செய்ய வேண்டும் என்பது உத்தரவு. புஷ்பராணி கப்பித் தொட்டியைக் காட்டிக் கேட்டார்.

"சின்னதுங்க என்னா சேர் பண்ணுச்சு? அது வேற மீனு தானுங்களே?"

சுற்றறிக்கையில் இருந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். அவருக்கு விளங்கியிராது. விளங்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. லயத்துச் சனம் வாசல்களில் நின்று பார்த்தது. புஷ்பராணி அழவில்லை, சத்தம் போடவில்லை. உள்ளே போய்க் காற்று மோட்டரை நிறுத்தினார். "வெறும் தண்ணிக்கு எதுக்குங்க கரண்டு" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார். அந்த வார்த்தைக்குப் பதில் அவர் என்னை நாலு ஏசு ஏசியிருக்கலாம்.

அந்த மாதக் கடைசியில் 'துரித நடவடிக்கை' என்று எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. வாங்கிப் பத்திரமாக வைத்தேன்.

மாதிரிக்கென்று இரண்டு குஞ்சுகளை மட்டும் ஸ்பிரிட்டில் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தேன். செய்ய வேண்டிய முதல் வேலையைக் கடைசியாகச் செய்தேன் என்று அர்த்தம். இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது. மகுரா. உள்நாட்டு இனம், இலங்கைக்கு மட்டுமே உரியது, பாதுகாக்கப்பட வேண்டியது, இந்தக் குஞ்சுகள் எந்த இடத்தில் கிடைத்தன என்று அறிய ஆவல், வளர்த்தவரைத் தொடர்புகொள்ள முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். கோப்பை மூடியாயிற்று, இனித் திறந்தால் உமக்கும் நல்லதில்லை எனக்கும் நல்லதில்லை, இடம் இப்போது அழிந்துவிட்டது என்று பதில் போடும் என்றார். போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, கோப்புக்குள் மறைப்பது அதை விடச் சுலபம். உங்களுக்கும் ஒருநாள் யாராவது அந்த வித்தையைச் சொல்லித் தருவார்கள்.

இந்தக் கதையை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "விடுங்கோ, யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். யானை சறுக்கினால் யானைக்குத்தான் அடிபடும். உத்தியோகத்தன் சறுக்கினால் விழுவது வேறு ஆள். இந்த வித்தியாசத்தை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

மூன்று வாரம் அந்தக் கடிதத்தோடு புழுங்கினேன். பிறகு ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

லயத்துக்குப் பின்னால் தொட்டிகள் இருந்த இடத்தில் உடைந்த சீமெந்துக் கட்டிகள் கிடந்தன. புஷ்பராணி மலையில் புல் வெட்டுகிறார் என்றார்கள். ஏறிப் போனேன். இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்தார்.

"தங்கச்சி, அந்தக் குஞ்சுகள் வெளிநாட்டு மீன் இல்லை. இந்த நாட்டு மீன்தான். கடிதம் வந்திருக்கு" என்றேன்.

"என்னாங்க சேர், திரும்பவும் நாட்டு மீனுங்கறீங்க? அப்பவே சொன்னேனுங்களே, நாட்டு மீன் இல்லன்னு. அது தோட்டத்து மீனுங்க. குளிக்கிற பீலித் தண்ணி வழிஞ்சு லயத்துக்குக் கீழ சேறா தேங்கி நிக்குதே, அங்க தான் புடிச்சேன்."

"அப்ப நாடு எண்டு நீங்கள் எதைச் சொல்லுறீங்கள்?"

அவர் சரிவுக்குக் கீழே கையைக் காட்டினார். தேயிலை முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு சிங்களக் கிராமம் இருந்தது.

"அதாங்க நாடு. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். அந்தப் பக்கத்து வாய்க்கால்ல நம்ம புள்ளைங்க மீன் புடிச்சுதுன்னு முந்தின வருசம் பெரிய சண்ட. அங்க இருந்து திருடுனியான்னு கேக்குறீங்களோன்னு நெனச்சு எனக்கு உசுரே போயிருச்சு."

அதற்குள் எட்டு வருடம் அந்த மலைகளில் சுற்றியாயிற்று. தோட்டத்துக்கு வெளியே இருக்கும் கிராமத்தைத் தோட்டத்துச் சனம் நாடு என்று சொல்லும் என்பது எனக்குத் தெரியாது. மீனுக்குச் சிங்களப் பெயர் தெரியும், இலத்தீன் பெயர் தெரியும். எதிரில் நின்று பேசுகிறவருடைய தமிழ் தெரியாது. அது என் தமிழ் இல்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தாலும் மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தாலும் சரி, தோட்டத்துக்குப் போகும்போது இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருங்கள். தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். தெரியாத சொல்லுக்கு நாம் எப்படியும் விளக்கம் கேட்டுவிடுவோம்.

"நான் கேட்டது, இது இலங்கைக்குரிய மீனோ எண்டு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கூட இல்லை. புரியாமல் கேட்டார்.

"அது எனக்கு எப்படிங்க சேர் தெரியும்? அதச் சொல்லத் தானே ஒங்கள அனுப்புனாங்க?"

என் உத்தியோக காலம் முழுவதும் என் வேலையைப் பற்றி யாரும் இத்தனை சரியாகச் சொன்னதில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினார். ஆங்கிலம். பிடித்தபடி நின்றார்.

"என்னா போட்டுருக்குங்க?"

வரிவரியாகத் தமிழில் சொன்னேன். இந்த மீன் இங்கேயே தோன்றியது, வேறெந்த நாட்டிலும் இல்லை, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று.

"இதத் தொரைகிட்ட காட்டுனா திரும்பத் தொட்டி கட்ட விடுவாருங்களா?"

விட்டிருப்பார். அந்த ஒரு தாள் போதும். ஆனால் அதைத் துரை வாசித்தால், வெளிநாட்டு மீன் என்று எழுதியது யார் என்று அடுத்த கேள்வி வரும். என் ஓய்வுக்கு ஏழு வருடம் இருந்தது.

"இது அலுவலகக் கடிதம், தங்கச்சி. குடுக்கேலாது. ஒரு பிரதி அனுப்பிவிடுறன்" என்றேன்.

அவர் உடனே திருப்பித் தரவில்லை. எந்த இடத்தில் இங்கேயே தோன்றியது என்று இருக்கிறது எனக் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அந்த வரியையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்கப்பா இந்தத் தோட்டத்துல தாங்க பொறந்தாரு. நீ இந்த நாட்டு ஆளுன்னு எழுதி ஒரு கடுதாசி குடுங்கன்னு கந்தோர் கந்தோரா அலைஞ்சாரு. சாகுற வரைக்கும் யாரும் குடுக்கல. மீனுக்குக் குடுத்துட்டாங்க."

கடிதத்தை மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டார். நான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினேன்.

பிரதி எடுத்தேன். உறையில் போட்டு விலாசமும் எழுதினேன். அனுப்பவில்லை.